சென்னை மாநகர்க் கட்டடங்கள்

சங்கரன்கோவிலில் எழுந்தருளியுள்ள சங்கரநாராயணர் திருக்கோயிலின் இராச கோபுரம் ஒன்பது நிலைகளும் ஏறத்தாழ 125 அடி உயரமும் உடையது. ஆடித்தபசு காண வருவோர், ஊர் எல்லையை அடையும் முன்னரே கரிசல் வெளிக்கு அப்பால் அதனைக் கண்டு கைகூப்புவர். தமிழ்நாட்டுப் பழைய ஊர்கள் பலவற்றிலும் நிலை இதுவே. ஊரில் உயர்ந்து நிற்பது கோபுரம். வீடுகள் அதன் நிழலில் ஒதுங்கியிருக்கும். எப்பணிக்கென எழுப்பப்பட்டதோ, அப்பணியையே அக்கோயில் இன்றும் செய்து வருகின்றது.

அவ்வூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் மாணவன் காணும் காட்சி வேறு. அந்நகரிலும் பழங்கோயில்கள் உள்ளன. திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கின்றது. ஆயினும், நகரின் நடுவே வானளாவி நின்று கண்ணைக் கவர்பவை நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் இரயில் நிலையமும் மாநகராட்சி மாளிகையுமே ஆகும். இவை எழுந்து மூன்றரை நூற்றாண்டு ஆனவையும் உண்டு; ஒரு நூற்றாண்டே ஆனவையும் உண்டு. இவற்றுள் பல, தாம் பிறந்த பணியை விட்டுப் புதுப்பணி ஏற்றவை. அரண்மனை அலுவலகமாயிற்று, நீதிமன்றக் கலசம் கப்பல்களுக்கு வழி காட்டிற்று, சட்டமன்றத்துக்கென எழுந்த மாளிகை மருத்துவமனையாயிற்று. புதுப்பணி வாய்த்த கட்டடங்கள் பிழைத்தன. வாய்க்காதவற்றுள் சில மண்ணோடு மண்ணாயின. ஆகவே, சென்னைக் கட்டடங்களின் வரலாற்றை அறிய விரும்புவோர், கட்டியவர் யாவர் என்று வினவுவதோடு நில்லாது, அவற்றில் இன்று என்ன நடைபெறுகின்றது என்றும் வினவுதல் வேண்டும்.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றியும் தெளிதல் நலம். மக்கள் பெரும்பாலும் 'கட்டிடம்' என்றே எழுதுகின்றனர். கட்டிடம் என்பது கட்டுதற்குரிய இடம், அதாவது மனை. எழுப்பி முடித்ததைக் 'கட்டடம்' என்பதே முறை. சென்னையில் கட்டடம் அழிந்து கட்டிடம் மட்டும் எஞ்சிய இடங்களும் உண்டாதலால், இவ்வேறுபாடு வெறும் இலக்கண நுணுக்கம் என்று தள்ளத்தக்கதன்று.

சென்னை நகரின் வித்து புனித ஜார்ஜ் கோட்டை. 1639-ஆம் ஆண்டில் ஆங்கில வணிகர் கடற்கரையில் ஒரு மணற்பரப்பைப் பெற்றனர். மறு ஆண்டில் கோட்டைப் பணியைத் தொடங்கினர். இன்று கோட்டையினுள் உள்ளவற்றுள் மிகப் பழைய பெருங்கட்டடம் புனித மேரி தேவாலயம் ஆகும். 1678-இல் தொடங்கப்பெற்று 1680-இல் நிறைவுற்ற இத்தேவாலயம், இந்தியாவில் ஆங்கிலேயர் எழுப்பி இன்றும் நிற்கும் தேவாலயங்களுள் மிகத் தொன்மையானது. இதன் கூரையை உற்று நோக்குதல் வேண்டும். மர உத்திரங்களின்மேல் பரப்பிய தளம் அன்று அது; தடித்த செங்கல் வளைவாக அமைந்த கூரை. பீரங்கிக் குண்டு விழினும் தாங்க வேண்டும் என்று கருதியே இங்ஙனம் கட்டினர். இறைவனை வழிபடும் இடத்தையும் போரை எண்ணிக் கட்ட வேண்டிய காலம் அது. 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அவர்கள் அஞ்சியது வீண்போகவில்லை. கோட்டையின் ஏனைய பகுதிகளில் இன்று தமிழக அரசின் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இயங்குகின்றன. வணிகர் கூடமாயிருந்த ஒரு கட்டடத்தில் 1948 முதல் அருங்காட்சியகம் உள்ளது.

கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் இருக்கும் சேப்பாக்கம் அரண்மனையின் வரலாறு நீண்டது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா 1768-ஆம் ஆண்டில் இதனை எழுப்பினார். கோட்டையின் பீரங்கிகள் தமக்கும் காவலாகும் என்பது அவரது எண்ணம். கலச மகால், உமாயூன் மகால் என இரு பகுதிகளாக இது விளங்கிற்று. நவாபின் ஆட்சியுரிமை 1801-இல் ஆங்கிலேயரிடம் சென்றது. பட்டம் மட்டும் எஞ்சியது. 1855-இல் கடைசி நவாபு மக்கட்பேறின்றி இறந்தபோது பட்டமும் பறிக்கப்பட்டது. கடனுக்காக அரண்மனை ஏலத்திற்கு வந்தது. ஏலம் எடுத்ததும் அரசே! மன்னர் உலவிய கூடங்களில் அதன்பின் வருவாய்த் துறையினரும் பொதுப்பணித் துறையினரும் அமர்ந்து கோப்புகளைப் புரட்டினர். இரு மகால்களுக்கும் இடையே உயர்ந்த கோபுரம் ஒன்றைச் சிஷோம் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் சேர்த்தார். சாலையிலிருந்து நோக்குவோர் அதனையும் நவாபு கட்டியதாகவே கருதுவர். அவ்வளவு பொருத்தமாக அஃது அமைந்துவிட்டது.

அலுவலகமானமையால் அரண்மனை பிழைத்தது உண்மை. ஆயினும் அலுவலகமாக இருந்தமையாலேயே அதற்குச் சீர்கேடும் நேர்ந்தது. கூடங்கள் தடுக்கப்பட்டன, கோப்புகள் மலையெனக் குவிந்தன. 2012-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கலச மகாலில் தீப்பற்றியது. பழைய மர உத்திரங்களும் காகிதக் குவியலும் நெருப்புக்கு உணவாயின. மேல்தளம் இடிந்து விழுந்தது. தீயை அணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் கடமையில் உயிர் நீத்தார். எரிந்த சுவர்களை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே எளிது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அரசு அவ்வாறு செய்யவில்லை. பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மகால் செப்பனிடப்பட்டது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகின்றது. நவாபின் மாளிகையில் ஆற்றுக்கும் காற்றுக்கும் மரத்துக்கும் நீதி கேட்கும் வழக்குகள் நடைபெறுகின்றன.

பழைய கட்டடத்தைச் சிமெண்டினால் செப்பனிடலாகாதோ என்று சிலர் வினவுவர். ஆகாது, அதற்குக் காரணம் உண்டு. சென்னையின் பழைய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பெற்றவை. சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உள்வாங்கும். வெயில் காலத்தில் அதனை வெளிவிடும். அதனைச் சுவர் மூச்சு விடுதல் என்று கொத்தர்கள் கூறுவர். அதன்மீது சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும்; செங்கல் உப்புப் பூத்து உதிரும். சிமெண்டு வலிமை மிக்கதே. ஆயினும் அதன் இறுக்கம் பழஞ்சுவரின் நெகிழ்ச்சியோடு இசைவதில்லை.

சென்னைச் சுண்ணாம்பு ஒரு காலத்தில் அயல்நாட்டாரும் வியந்து எழுதிய பொருளாகும். கடற்சிப்பிகளைச் சூளையிலிட்டுச் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லநீரும் அதிற் கலப்பர். சுவரில் முதற்பூச்சும் இரண்டாம் பூச்சும் முடிந்தபின், இறுதிப் பூச்சுக்கு மிக நுண்ணிய சுண்ணாம்பை முட்டையின் வெண்கருவோடும் தயிரோடும் குழைத்துப் பூசுவர். பின்பு வழவழப்பான கல்லைக் கொண்டு மணிக்கணக்கில் தேய்ப்பர். அங்ஙனம் தேய்த்த சுவரும் தூணும் சலவைக்கல் போல ஒளிவிடும். சலவைக்கல் என்றே எண்ணித் தொட்டுப் பார்த்து ஏமாந்த அயல்நாட்டுப் பயணிகள் பலர். 'மெட்ராஸ் டெரஸ்' என்று பொறியாளர் அழைக்கும் கூரையும் இவ்வாறே பெயர் பெற்றது. தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டுக் கட்டையால் அடித்து இறுக்குவர். இத்தொழில் வல்ல கொத்தர்கள் இன்று மிகச் சிலரே. ஒரு பழைய மாளிகையைச் செப்பனிடப் பணம் கிடைப்பதினும், இக்கைத்திறன் உடையவர் கிடைப்பது அரிது.

அரண்மனைக்கு வடபால் நிற்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை. 1857-இல் தோன்றிய பல்கலைக்கழகத்திற்கு மண்டபம் வேண்டும் என்று அரசு போட்டி ஒன்றை அறிவித்தது. அதில் வென்ற சிஷோம், 1874 முதல் 1879 வரை இதனைக் கட்டி முடித்தார். நான்கு மூலைகளிலும் கோபுரங்கள். இடையே நெடிய மண்டபம். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். இந்திய மரபும் இசுலாமிய மரபும் ஐரோப்பிய மரபும் கலந்த இப்பாணியை இந்தோ-சாரசனியப் பாணி என்பர். இக்கலப்பு ஆட்சியாளர் தம் ஆட்சியை இந்நாட்டு மன்னர்களின் தொடர்ச்சியாகக் காட்டிக்கொள்ளச் செய்த சூழ்ச்சி என்பாரும் உளர். அது முழுதும் தவறன்று. ஆயினும் செதுக்கிய கைகளும் பூசிய கைகளும் நம்மவருடையவை. நெடுங்காலம் பயன்பாடு குன்றிச் சிதைந்திருந்த இம்மண்டபம், பல்கலைக்கழகத்தின் நூற்றைம்பதாம் ஆண்டினையொட்டிச் செப்பனிடப்பெற்றது.

இப்பாணியில் எழுந்தவற்றுள் தலைசிறந்தது உயர்நீதிமன்றம் ஆகும். பிராசிங்டன் தொடங்க, இர்வின் நிறைவு செய்ய, 1892-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இது திறக்கப்பெற்றது. செந்நிறச் செங்கற்சுவர்களும் வெங்காய வடிவக் கலசங்களும் வளைந்து செல்லும் நடைக்கூடங்களும் புதிதாக வருவோரை மயங்கச் செய்யும். வழக்குக்கு வந்தவர்கள் உள்ளே வழி தெரியாமல் சுற்றுவது இன்றும் நாள்தோறும் காணும் காட்சியே.

நீதிமன்றத்தின் நடுக்கோபுரத்திற்கு இன்னொரு கதையும் உண்டு. சென்னைக் கடற்கரையில் அக்காலத்தில் துறைமுகம் இல்லை, அலைகளோ கொடியவை. இரவில் வரும் கப்பல்களுக்கு விளக்கு இன்றியமையாததாயிற்று. 1796-ஆம் ஆண்டில் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாயுள்ள கட்டடத்தின் கூரைமேல் தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றினர். அவ்வொளி போதாமையால், கோட்டைக்கு வடக்கே கருங்கல்லால் தனித் தூண் ஒன்றை எழுப்பி 1844-இல் விளக்கை அங்கே மாற்றினர். ஐம்பது ஆண்டுகள் அது கடலை நோக்கி ஒளிர்ந்தது. பின்னர் அதன் அருகிலேயே நீதிமன்றம் எழுந்து, தூணைவிட உயர்ந்து நின்றது. இனித் தூண் எதற்கு? 1894-இல் நீதிமன்றத்தின் நடுக்கோபுர உச்சிக்கே விளக்கு ஏறிற்று. கீழே நீதிபதிகள் வழக்கைத் தீர்க்க, மேலே விளக்குக் காப்பாளர் கப்பலுக்கு வழி காட்டிய இவ்விந்தை எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியபோது, ஒரு குண்டு நீதிமன்றச் சுற்றுச்சுவரில் விழுந்தது. அவ்விடத்தில் நினைவுக்கல் பதிக்கப்பட்டுள்ளது. 1977-இல் மெரினாக் கடற்கரையில் முக்கோண வடிவில் எழுந்த புதிய கலங்கரை விளக்கத்திற்கு ஒளி மூன்றாம் முறை இடம் மாறிற்று. விளக்கை இழந்த கருங்கல் தூணோ, நீதிமன்ற வளாகத்தினுள்ளேயே இன்றும் நிற்கின்றது.

தென்பாண்டி நாட்டார்க்குச் சென்னையில் மிகவும் பழக்கமான கட்டடம் எழும்பூர் இரயில் நிலையம். 1908-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதனைக் கட்டியவர் சாமிநாத பிள்ளை என்னும் ஒப்பந்தக்காரர். செலவு 17 இலட்சம் ரூபாய். தெற்கிலிருந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் வந்து நின்றது இங்கேதான் ஆதலின், எத்தனையோ தலைமுறை மாணவர்கள் சென்னையில் முதன்முதலில் கண்ட மாளிகை இதுவாகவே இருந்தது. நடுவண் நிலையம் இதனினும் மூத்தது, 1873-இல் எழுந்தது. அதன் அருகில் வெண்ணிறமாய் விளங்கும் ரிப்பன் மாளிகை, 1688-இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் தலைமையிடமாகும். உள்ளாட்சிக்கு வித்திட்ட ரிப்பன் பிரபுவின் பெயர் தாங்கி 1913-இல் இது திறக்கப்பட்டது. லோகநாத முதலியார் கட்டியது. இதன் கோபுரக் கடிகாரம் சாவி கொடுத்து ஓடும் பழைய பொறியாகும்.

இம்மாளிகைக்கு அருகே இருந்த மூர் மார்க்கெட்டுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. 1900-இல் திறக்கப்பட்ட அச்சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. ஏழை மாணவரும், அரிய பதிப்புகளைத் தேடிய புலவரும் நாளெல்லாம் அங்கே நின்று படித்தனர். சில கடைக்காரர் விலை கேட்பதையும் மறந்து அவரோடு நூல்களைப் பற்றி உரையாடினர் என்பர். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இரயில்வேயின் புதிய கட்டடம் எழுந்தது. புறநகர் வண்டி ஏறுவோர் 'மூர் மார்க்கெட்' என்னும் பெயரை இன்றும் அங்கே கேட்கின்றனர், புத்தகங்களைக் காண்பதில்லை.

அண்ணா சாலையில் இரு கட்டடங்கள் உள்ளன. இரண்டும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கு உரியவை. ஒன்று, 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் திறக்கப்பட்ட பதினான்கு மாடிக் கட்டடம். தொழிலதிபர் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்திற்காக இதனைத் தொடங்கினார். 1954-இல் வானூர்தி விபத்தில் அவர் இறந்தார். 1956-இல் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாயிற்று. எனவே கழகம் இதனை முடித்தது. 177 அடி உயரமுள்ள இஃது அந்நாளில் இந்தியாவிலேயே மிக உயர்ந்த மாடிக் கட்டடம். சங்கரன்கோவில் கோபுரத்தின்மேல் ஐந்து ஆள் உயரத்துக்கு மேலும் அடுக்கினாலும் இதனை எட்டாது! 'எல்.ஐ.சி. பார்த்தாயா?' என்பதே சென்னை சென்று மீண்டவனிடம் ஊரார் கேட்கும் முதற்கேள்வியாக இருந்தது. 1975-இல் இதுவும் தீயில் சிக்கியது. செப்பனிட்டு மீண்டும் அலுவலகமாக்கினர். இன்று இதனினும் உயர்ந்தவை நகரில் எத்தனையோ எழுந்துவிட்டன.

மற்றொன்று, 1897-இல் ஒரு மருந்து வணிக நிறுவனத்திற்காகக் கட்டப்பெற்ற பாரத் காப்பீட்டுக் கட்டடம். ஊசிமுனைக் கோபுரங்களும் வளைவுகளும் நிறைந்த இது, பழுதுற்று ஆபத்தாயிற்று என்று கருதப்பட்டு, 2006-இல் இடிக்கத் தொடங்கப்பெற்றது. கலை மரபு காக்கும் அமைப்பினர் நீதிமன்றம் சென்றனர். பழம்பெருமை வாய்ந்த கட்டடத்தை இடித்தலாகாது என 2010-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடையவர் பக்கமும் வழக்கு இல்லாமல் இல்லை. ஓட்டைக் கூரையின்கீழ் எவரை அமர்த்துவது, செப்பனிடும் பெருஞ்செலவை எவர் ஏற்பது என்னும் வினாக்கள் எளியவை அல்ல. இடிப்பதை நீதிமன்றம் நிறுத்தலாம். உள்ளே ஒரு பணியை அமைத்துத் தர அதனால் இயலாது. பணி இல்லாத சுவரில் ஆலும் அரசும் வேர்விடுவதற்குத் தீர்ப்பு தடையாவதில்லை.

புதிய கட்டடங்களுக்கும் இந்நிலை வாராமல் இல்லை. சட்டமன்றத்திற்கும் தலைமைச் செயலகத்திற்குமென ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் எழுந்த மாளிகை 2010-ஆம் ஆண்டு மார்ச்சு 13-ஆம் நாள் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் ஆட்சி மாறிற்று. சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2014-இல் அம்மாளிகை பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. உறுப்பினர் வாதிடக் கட்டிய இடத்தில் இன்று நோயாளிகள் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கின்றனர். அம்மாற்றம் தக்கதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சிற்றூர்களிலிருந்து வந்து நோய் நீங்கிச் சென்றவர்களிடம் அவ்வினாவை எழுப்புவது பொருந்தாது.

அதே 2010-இல் செப்டம்பர் 15-ஆம் நாள் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. பன்னிரண்டு இலட்சம் நூல்களைக் கொள்ளும் அளவுடைய அதனையும் மருத்துவமனையாக்கும் முடிவு 2011-இல் அறிவிக்கப்பட்டது. குழந்தைகளுக்கான மருத்துவமனை என்பது நோக்கம். வாசகரும் வழக்கறிஞரும் எழுத்தாளரும் நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நூலகமாகவே நின்றது. சங்கரன்கோவில் கோபுரத்திற்கு ஒன்பது நிலைகள். இந்நூலகத்திற்கும் ஒன்பது தளங்கள். கண்ணொளி இழந்தோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் நூல்கள் தரைத்தளத்திலேயே உள்ளன. சிறுவர் பகுதி முதல் தளத்தில். தமிழ் நூல்களை நாடிச் செல்லும் மாணவன் இரண்டாம் தளத்திற்கு ஏறுதல் வேண்டும்.